புக்கிட் தீமா முதல் மண்டாய் வரை: கிராவல் சைக்கிளில் ஒரு கடினமான சுற்று

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உயரம் வெறும் 163 மீட்டர். இதைச் சொன்னதும், "இந்தத் தட்டையான ஊரில் கிராவல் சைக்கிள் எதற்கு? பூங்கா இணைப்புப் பாதையில் ஓட்டச் சாதாரண சைக்கிள் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிராவல் சைக்கிள் என்பது பந்தயச் சைக்கிள் போல வளைந்த கைப்பிடியும், சரளையிலும் மண்ணிலும் ஓட்ட அகலமான டயரும் உள்ள சைக்கிள். அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய சுற்று இது. பழைய ரயில் தடம், கருங்கல் குவாரிக் காடு, மலைச் சைக்கிள் பாதை, செங்களிமண் ஏற்ற இறக்கம், கடைசியில் மறுபடி ரயில் தடம் என்று எல்லாம் சேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர். நீளமான ஏற்றம் ஒன்றுகூடக் கிடையாது. குட்டையாகவும் செங்குத்தாகவும் ஏற்றங்கள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அதோடு 31, 32 டிகிரி வெயிலும், சட்டையைப் பிழிந்தால் சொட்டுகிற ஈரப்பதமும்.

வழியை விவரிக்கும் முன் ஒரு விஷயம். இந்தச் சுற்றில் வேகத்தைவிட வரிசை முக்கியம். கல்லும் வேரும் உள்ள பகுதியைக் கைகள் சோர்வதற்கு முன் முடிக்க வேண்டும். களிமண் பகுதிக்குப் போகும்போது மண் கொஞ்சம் காய்ந்திருக்க வேண்டும். எளிதான ரயில் தடத்தைக் கடைசிக்கு மிச்சம் வைக்க வேண்டும். இதே சுற்றை எதிர்த்திசையில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போனால் மூன்று மணி நேரம் மிதித்த பிறகு, விரல்கள் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும் நேரத்தில், புக்கிட் தீமாவின் பாறைகள் எதிரே வந்து நிற்கும். எனக்கு அது உவப்பில்லை.

சைக்கிளும் டயரும்

டயர் அகலம் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 43, 45 இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை ஒட்டி நிற்கிற 45 மில்லிமீட்டர் டயரைவிட, இருபுறமும் தாராளமாக இடம் விட்டு நிற்கிற 40 மேல். காரணம் இங்கிருக்கும் மண். புக்கிட் தீமா கருங்கல் பல்லாயிரம் ஆண்டு மழையிலும் வெயிலிலும் சிதைந்து, செம்மஞ்சள் நிறக் களியாக மாறியிருக்கிறது. ஈரமானால் அது டயரோடு ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி மேலேறி, பின்சக்கரத்தையே நிறுத்திவிடும்.

டியூப்லெஸ் டயர் இல்லாமல் இந்தச் சுற்றுக்கு வர வேண்டாம் என்பேன். உள்டியூப் போட்டால் காற்றை அதிகம் ஏற்ற வேண்டிவரும். ஏற்றினால் வேர்களில் சறுக்கும், குறைத்தால் பாறை விளிம்பில் டியூப் நசுங்கிப் பங்க்சர் ஆகும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 43 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கிப் பார்க்கலாம். எடைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் இந்த வெப்பத்தில் சீக்கிரம் உலர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்றாவிட்டால், டியூப்லெஸ் போட்டும் பயன் இல்லை.

கியரைப் பொறுத்தவரை முன்பற்சக்கரத்திலும் பின்பக்கப் பெரிய பற்சக்கரத்திலும் பற்களின் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். முன்னால் 40, பின்னால் 42 என்றால் போதும். சாலைப் பந்தயச் சைக்கிளின் கியர் விகிதத்தோடு வந்தால் மண்டாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள். பிரேக் கட்டை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஈர மணல் கலந்த சேற்றில் பிசின் கட்டைகள் வேகமாகத் தேயும். உலோகக் கலவைக் கட்டைகள் கொஞ்சம் சத்தம் போட்டாலும் நீடிக்கும்.

எடுத்துப்போக வேண்டியவை: டயர் ஓட்டையை அடைக்கும் பிளக், ஒரு மாற்று டியூப், கைப்பம்பு, மல்டிடூல், செயின் இணைப்புக் கண்ணி, உங்கள் சைக்கிளுக்கே உரிய டிரெய்லியர் ஹேங்கர் (பின்கியரைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு). கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஒரு மரக்கிளை பின்கியரில் சிக்கி ஹேங்கர் முறிந்தால், அது இல்லாமல் சைக்கிள் நகராது. பிராண்டுக்குப் பிராண்டு மட்டுமல்ல, மாடலுக்கு மாடல் அது வேறு. கடையில் போய் நின்று கேட்டால் உடனே கிடைக்கிற பொருளும் இல்லை.

மணி கட்டாயம் வேண்டும். பந்தயச் சைக்கிளில் மணி வைப்பது அழகில்லை என்று நினைப்பவர்கள் ரயில் தடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓட்டிப் பார்க்கட்டும்.

எப்போது போவது

காடுகளும் இயற்கைப் பூங்காக்களும் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் உதிக்கிறது. அதனால் அந்த நேரத்தில் மரங்களுக்கடியில் இன்னும் இருட்டாகவே இருக்கும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் பூட்டிக்கொண்டு, 7 மணிக்கு நுழைவாசலில் இருங்கள். 11 மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு.

மழையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சுற்றில் மழைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. நாள்கணக்கில் மண் காயாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை வேறு ஒரு தொல்லை. விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ரா பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் பலத்த காற்றோடு வரும் மழை வரிசை, ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். பிற்பகலில் இடியும் மின்னலும் தனி. புறப்படும் முன் வானிலைச் செயலியில் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். மேற்கே வரிசையாகச் சிவப்பும் மஞ்சளும் நகர்ந்து வந்தால் அன்று வீட்டிலேயே தேநீர் குடிக்கலாம்.

முந்தின நாள் மாலை கனமழை என்றால் மலைச் சைக்கிள் பாதைகளை விட்டுவிட்டு ரயில் தடத்தில் மட்டும் ஓட்டுங்கள். ஈரக் களியில் ஓட்டினால் பாதையில் ஆழமான தடம் விழும். அடுத்த மழையில் அந்தத் தடமே ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். உங்களுக்கும் அன்று இன்பம் கிடைக்காது. போகும் வழியில் பராமரிப்புக்காகச் சில பகுதிகளை அவ்வப்போது மூடுவதும் வழக்கம். தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்புகளை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: எம்ஆர்டி ரயிலில் மடக்கும் சைக்கிளுக்குத்தான் அனுமதி. கிராவல் சைக்கிளை ஏற்ற முடியாது. தொடக்க இடத்துக்கு ஓட்டிக்கொண்டோ காரில் வைத்துக்கொண்டோதான் வர வேண்டும். வழியில் சைக்கிள் உடைந்தால் பெரிய டாக்சியை அழைக்க வேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

முதல் கட்டம்: ரயில் தடம்

கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டிக்கு அருகில் இருக்கும் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் நல்ல தொடக்கம். 1932-இல் தண்டவாளத்தைப் புதுப் பாதைக்கு மாற்றியபோது கட்டிய சிறிய செங்கல் நிலையம் இது. மலாயா ரயில்வேயின் நிலம் 2011 ஜூலை 1 அன்று சிங்கப்பூருக்குத் திரும்பியது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகு தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சைத் தடம் மிஞ்சியது. அதுதான் இன்றைய ரயில் காரிடார்.

தெற்கே குவீன்ஸ்வே பக்கம் இந்தத் தடத்தை ஒட்டி ரயில்வேத் தொழிலாளர்கள் 1930-களில் ஒரு முனீஸ்வரன் சன்னிதி வைத்தார்கள். காமன்வெல்த் டிரைவில் இப்போது இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலின் தொடக்கம் அதுதான். நம் சுற்றில் அது வராது. ஆனால் தெற்கிலிருந்து ஓட்டி வருகிறவர்கள் சற்று விலகிப் போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்.

நிலையத்திலிருந்து வடக்கே கிளம்பியதும் முதல் இரும்புப் பாலம். இங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பாதி ஊர் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு இறுகிய சரளை, இருபுறமும் மரம், ஏறத்தாழ தட்டை. ரயில் ஏறிய தடம் என்பதால் எங்கேயும் செங்குத்து இருக்காது. சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். காலை நேரத்தில் நடப்பவர், ஓடுபவர், நாயைக் கூட்டி வருபவர் என்று எல்லோரும் இருப்பதால் நடைமுறையில் 15 போதும். இந்தப் பகுதியை உடம்பைச் சூடேற்றிக்கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். மூச்சு வாங்கினால் வேகமாகப் போகிறீர்கள் என்று பொருள்.

இரண்டாம் கட்டம்: புக்கிட் தீமாவின் கல்லும் வேரும்

ஹிந்தீட் டிரைவ் அருகே தடத்தைவிட்டு வெளியேறிக் காட்டின் பார்வையாளர் மையத்தை நோக்கிப் போங்கள். உச்சிக்குப் போகும் சாலையும் நடைபாதைகளும் சைக்கிளுக்குக் கிடையாது. காட்டைச் சுற்றிப்போகும் மலைச் சைக்கிள் பாதை ஒன்று மட்டுமே நமக்கு. முழு நீளம் சுமார் 6 கிலோமீட்டர். ஹிந்தீட் பக்கம் நுழைந்து டெய்ரி ஃபார்ம் பக்கம் வெளிவருவது நம் திட்டம். பலகைகளில் உள்ள அம்புக்குறியைப் பின்பற்றுங்கள். கைப்பேசி வரைபடத்தைவிட அவைதான் நம்பகமானவை.

இது மலைச் சைக்கிளுக்காக அமைத்த பாதை. முன்பக்கச் சஸ்பென்ஷன் இல்லாத உங்கள் சைக்கிளுக்குத் தோழமையாக இருக்காது. இங்கே நுட்பம்தான் காப்பாற்றும்.

இறக்கங்களில் கைப்பிடியின் கீழ் வளைவைப் பிடியுங்கள். அங்கிருந்துதான் ஒரு விரலில் முழு பிரேக் விசையும் கிடைக்கும், பள்ளத்தில் குதித்தாலும் கை வழுக்காது. முழங்கைகள் வெளிப்பக்கம் விரிந்திருக்கட்டும், இடுப்பு பின்னால் போகட்டும், இரு மிதிகளும் தரைக்கு இணையாக நிற்கட்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கவே கூடாது. ஐந்தாறு மீட்டர் தள்ளி, போக விரும்பும் இடத்தைப் பாருங்கள். மரத்தையே பார்த்துக்கொண்டு போனால் மரத்தில்தான் போய் நிற்போம்.

வேர்களை நேராக, குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வேரோடு சேர்ந்து வழுக்கிவிடும். பிரேக்கை வேருக்கு முன்பே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வேர்மேல் போகும்போது விட்டுவிடுங்கள். ஈர வேரின்மேல் பிரேக் பிடித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த நொடியில் தரையில் இருப்பார்கள். கருங்கல் துண்டுகள் நிறைந்த இடத்தில் ரொம்ப மெதுவாகப் போவதும் ஆபத்து. சக்கரம் இரண்டு கற்களுக்கிடையே நின்றுவிடும். நடந்துபோகும் வேகத்துக்குச் சற்று மேலே, கியரைச் சற்றுக் கனமாக வைத்து, இருக்கையைவிட்டு எழுந்து போக வேண்டும்.

ஒரு இறக்கத்தின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியவில்லையா? நிறுத்துங்கள், இறங்குங்கள், நடந்துபோய்ப் பாருங்கள். சரிப்படும் என்றால் ஏறி வந்து ஓட்டலாம். இல்லையென்றால் தள்ளிக்கொண்டு இறங்கலாம். கிராவல் சைக்கிளில் இந்தப் பாதை முழுவதையும் கால் ஊன்றாமல் ஓட்டுகிறவர்கள் மிகச் சிலர். பின்னால் மலைச் சைக்கிள்காரர் வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். அவருக்கு இது விளையாட்டு மைதானம்.

குரங்குகள் இங்கே கூட்டமாக இருக்கும். பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டால் உணவு என்று முடிவு கட்டிவிடும். உணவைப் பைக்குள் வைத்து மூடுங்கள். அவற்றுக்கு உணவு போடுவது குற்றம்.

மூன்றாம் கட்டம்: டெய்ரி ஃபார்ம் வழியே செஸ்ட்நட்

பெயருக்கேற்ப டெய்ரி ஃபார்ம் ஒருகாலத்தில் பால் பண்ணைதான். அந்தக் காலத்து மாட்டுத் தொழுவம் ஒன்றைச் செப்பனிட்டு, வாலஸ் கல்வி மையமாக வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1854-இல் இந்தப் பக்கத்துக் காட்டில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். நமக்கு இங்கே வேண்டியது கழிப்பறையும் தண்ணீரும். போத்தல்களை நிரப்பிக்கொள்ளுங்கள். வாலஸின் பெயர் தாங்கிய நடைபாதையில் சைக்கிள் கூடாது.

இங்கிருந்து புக்கிட் தீமா விரைவுச்சாலையை ஒட்டிய செங்ஹுவா இயற்கைப் பூங்கா வழியே வடக்கே போக வேண்டும். தார்ப்பாதை, மிதமான ஏற்ற இறக்கம், பேச எதுவும் இல்லை. ஏதாவது சாப்பிட இதுதான் நேரம். 1980-களில் இந்த விரைவுச்சாலை வந்தபோது காடு இரண்டு துண்டானது. 2013-இல் அதன் மேல் 62 மீட்டர் நீளத்தில் மரம் நட்ட பாலம் ஒன்றைக் கட்டி இரண்டு துண்டையும் இணைத்தார்கள். அலங்கு எனும் எறும்புத்தின்னியும் புனுகுப்பூனையும் கடக்கிற பாலம் அது. பொதுமக்கள் ஏற முடியாது. காட்டுப்பன்றிகள் மட்டும் எந்தப் பாலத்துக்கும் காத்திராமல் இந்தப் பூங்காவிலேயே திரியும். குட்டிகளோடு கண்டால் நிறுத்திவிட்டு, சத்தம் போடாமல், அவை போகும்வரை விலகி நில்லுங்கள்.

செஸ்ட்நட் அவென்யூ விரைவுச்சாலைக்கு அடியில் நுழைந்து செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் கொண்டுபோய் விடும். 81 ஹெக்டேர் பரப்பு. 2017-இல் முழுமையாகத் திறந்தபோது நாட்டிலேயே பெரிய இயற்கைப் பூங்கா இதுதான். நடப்பவர்களுக்குத் தனிப்பாதை, மலைச் சைக்கிளுக்குத் தனிப்பாதை. சைக்கிள் பாதைகளின் மொத்த நீளம் 8.2 கிலோமீட்டர். தெற்கு வளையம், வடக்கு வளையம் என்று இரண்டு. ஒருவழிப்பாதை என்பதால் எதிரே யாரும் வர மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குச் செஸ்ட்நட்டை மிகவும் பிடிக்கும்.

தெற்கு வளையம் சிறியது. முதல்முறை வருகிறவர்கள் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு வடக்கே போகலாமா என்று முடிவு செய்யட்டும். வடக்கு வளையத்தில் திருப்பங்கள் அடுத்தடுத்து வரும். வெளிவிளிம்பு உயர்த்திய வளைவுகளில் சைக்கிளைச் சாய்த்து, உடம்பை நிமிர்த்தி, வெளிப்பக்கக் காலில் எடையை அழுத்தினால் டயர் பிடிக்கும். குதிப்பதற்காக அமைத்த மேடுகளுக்குப் பக்கத்திலேயே சுற்றிப்போகும் வழி இருக்கும். அதில் போங்கள். உங்கள் சைக்கிளின் முன்கவைக்கு அந்த மேடுகள் வேண்டாம்.

ஏற்றங்களைப் பற்றி ஒரு சொல். இங்கே திருப்பம் முடிந்ததும் திடீரென்று சுவர் மாதிரி நிற்கும். கியரைத் திருப்பத்துக்கு முன்பே இளக்கிக்கொள்ள வேண்டும். ஏறத் தொடங்கியபின் மாற்றினால் செயின் கடகடத்து நழுவும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் களியில் வெறுமனே சுழலும். உட்கார்ந்தபடி, இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைக் கைப்பிடிக்கு அருகே தாழ்த்தி, சீராக மிதியுங்கள்.

செஸ்ட்நட்டின் வாகன நிறுத்தமிடத்தில் கழிப்பறையும் நிழலும் உண்டு. இங்கே நேரத்தைப் பாருங்கள். மணி 9:30 தாண்டிவிட்டதா? தண்ணீர் ஒரு போத்தலுக்கும் குறைவா? கைகள் நடுங்குகின்றனவா? அப்படியானால் புக்கிட் பாஞ்சாங் பக்கம் இறங்கி, ரயில் தடத்தைப் பிடித்துத் திரும்பிவிடலாம். அடுத்து வரும் பகுதியில் பாதி வழியில் வெளியேற இடம் கிடையாது.

நான்காம் கட்டம்: கங்சா, மண்டாய்

வடக்கு செஸ்ட்நட்டிலிருந்து கங்சா தடம். அது போய் மண்டாய் 15-ஆம் தடத்தோடு சேரும். இந்தச் சுற்றின் கடினம் என்று நான் சொல்வது இதைத்தான். பாறை கிடையாது, குறுகலும் கிடையாது. அகலமான செம்மண் தடம், ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றமும் இறக்கமும். ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் தண்ணீர் தேங்கிய சேறு. இறக்கத்தில் எடுத்த வேகத்தை அடுத்த ஏற்றத்துக்குப் பயன்படுத்தலாம் என்று நினைக்கும்போது அந்தச் சேறு வேகத்தை விழுங்கிவிடும்.

சேற்றுக் குட்டையைச் சுற்றிப்போகாதீர்கள். ஆளாளுக்கு ஓரமாகச் சுற்றினால் தடம் அகலமாகிக் காட்டைத் தின்னும். பெரும்பாலும் குட்டையின் நடுவில்தான் தரை கெட்டியாக இருக்கும். கியரை இளக்கி, முன்சக்கரத்தில் எடையைக் குறைத்து, நேராகப் போங்கள். பின்சக்கரம் திணறத் தொடங்கினால் அழுத்தி மிதிக்காதீர்கள். களி அடைத்துக்கொண்டு, பின்கியர் கம்பிகளுக்குள் இழுபட்டுப் போய்விடும். இறங்கி, ஒரு குச்சியால் சட்டத்தின் இடுக்கில் உள்ள களியை நோண்டி எடுத்துவிட்டு, காய்ந்த இடம் வரும்வரை தள்ளுங்கள்.

அகலமான தடம் என்பதால் வேகமாக இறங்கத் தோன்றும். ஆனால் இங்கே நடப்பவர்களும் வருவார்கள், இருவழிப் போக்குவரத்து. மழைநீர் வெட்டிய பள்ளங்கள் இறக்கத்தில் நீளவாக்கில் ஓடும். அவற்றுக்குள் சக்கரம் இறங்கினால் வெளியே எடுப்பது சிரமம். மேட்டின் உச்சியிலேயே எந்தக் கரையில் இறங்குவது என்று தேர்ந்துகொண்டு, கடைசிவரை அதே கரையில் இறங்குங்கள்.

பக்கவாட்டில் பிரியும் சிறு பாதைகளில் ஆர்வக்கோளாறில் நுழையாதீர்கள். பக்கத்தில் ராணுவப் பயிற்சி நிலம் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகைகள் நான்கு மொழியில் இருக்கும், தமிழிலும் எழுதியிருக்கும். புரியவில்லை என்று சாக்குச் சொல்ல நமக்கு வழியில்லை.

சுற்றுமுற்றும் பார்த்தால் பழைய கம்பங்களின் (கிராமக் குடியிருப்புகளின்) மிச்சம் தெரியும். ரம்புத்தான், டுரியான் மரங்கள் காட்டுக்குள் தனித்து நிற்கும். டுரியான் காலத்தில், குறிப்பாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மரத்தடியில் நின்று இளைப்பாறாதீர்கள். தலைக்கவசம் அந்தக் காய்க்காகச் செய்ததில்லை.

குடிப்பதும் தின்பதும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இந்தச் சுற்றைப் பாதியில் விட்டவர்களில் அதிகம் பேரை வெயில்தான் நிறுத்தியிருக்கிறது. புறப்படும்போது இரண்டு லிட்டர் தண்ணீர், வழியில் நிரப்பிக்கொள்ள வெற்றுப் போத்தல் இருந்தால் நல்லது. ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடியுங்கள், ஒரு போத்தலில் உப்புச்சத்துத் தூள் கலந்திருக்கட்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நிறைய வியர்த்தபின் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவதும் தவறு, கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

வாழைப்பழமும் காயா ஜாம் தடவிய ரொட்டியும் முதல் பாதிக்கு. இரண்டாம் பாதிக்குத் தேக்காவில் வாங்கிய கடலை மிட்டாய். ஜெல் பாக்கெட்டுகளில் கொட்டும் காசுக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை. வெல்லம் சூட்டில் இளகும் என்பதால் காகிதத்தில் சுற்றித் தனித்தனியாக வையுங்கள்.

வியர்ப்பது நின்று, தலை சுற்றி, உடம்பு சிலிர்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, உடன் வந்தவரிடம் சொல்லுங்கள். தெளியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். கங்சாவில் தனியாக ஓட்ட வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

ஐந்தாம் கட்டம்: மண்டாய் ரோட்டிலிருந்து திரும்புதல்

15-ஆம் தடம் மண்டாய் ரோட்டில் கொண்டுவந்து விடும். திடீரென்று லாரிகளும் விலங்குத் தோட்டத்துக்குப் போகும் கார்களும். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். குழுவாக வந்தால் ஒற்றை வரிசையில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. இருவர் இருவராகப் போகலாம் என்ற சாலையானால் பத்துப் பேர். சாலை வேண்டாம் என்றால் நடைபாதையில் போகலாம், ஆனால் அங்கே வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். சேற்றிலிருந்து வந்த டயர் முதல் சில நிமிடங்களுக்குத் தார்ச்சாலையில் வழுக்கும், திருப்பங்களில் கவனம்.

மேற்கே போய் உட்லண்ட்ஸ் ரோட்டை அடைந்ததும் ரயில் தடம் மறுபடி கிடைக்கும். கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்தால் வடக்கே கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு ஒரு நடை போய்வரலாம். சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், அவற்றில் இந்தியப் படையினர் பெயர்கள் ஏராளம். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

தெம்பு இல்லையென்றால் நேரே தெற்கு. வடபகுதித் தடம் மத்தியப் பகுதி அளவுக்குச் சீரானதில்லை. புல்லும் சரளையும் மாறிமாறி வரும், மழைக்குப் பின் சேறாகும். ஏதாவது பகுதி மூடியிருந்தால் பங் சுவா பூங்கா இணைப்புப் பாதையில் புக்கிட் பாஞ்சாங் வரை வந்துவிடலாம். பிறகு ஹில்வியூ, ரயில் மால், இரண்டாவது இரும்புப் பாலம். ஹில்வியூவிலிருந்து தொடங்கிய இடம் வரை சுமார் 4 கிலோமீட்டர், எல்லாம் தட்டை. ரயில் மாலில் பராட்டாவும் தே தாரிக்கும் கிடைக்கும். நான் அங்கேயே நிறுத்திச் சாப்பிடுகிற கட்சி. மிச்சமுள்ள தூரத்தை வயிறு நிறைந்தபின் ஓட்டுவது கஷ்டம் என்று வாதாடுபவர்கள் பியூட்டி வேர்ல்ட் உணவங்காடி வரை பொறுக்கலாம்.

முதல்முறை போகிறவர்களுக்கு

முழுச் சுற்றையும் ஒரேயடியாக முயல வேண்டாம். ஒரு வாரம் ரயில் தடத்தில் ஹில்வியூ வரை போய், டெய்ரி ஃபார்ம், செங்ஹுவா வழியே செஸ்ட்நட் தெற்கு வளையம் மட்டும் ஓட்டித் திரும்புங்கள். இன்னொரு வாரம் செஸ்ட்நட் வடக்கு வளையமும் கங்சாவும். புக்கிட் தீமா பாதையைத் தனியாக ஒரு காலையில், சோர்வில்லாமல் பழகுங்கள். மூன்றும் கைவந்தபின் முழுச் சுற்றை நான்கு மணி நேரத்தில் முடிக்கலாம். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் காட்டுப் பாதைகளையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று வரைபடத்தைப் பார்க்கும்போது தோன்றும். அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை அன்றே கழுவிவிடுங்கள். இந்தக் களி காய்ந்தால் கல்லாகிவிடும். உயர் அழுத்தத் தண்ணீரைச் சக்கர அச்சிலும் மிதியச்சிலும் அடிக்காதீர்கள், உள்ளே உள்ள கிரீஸ் போய்விடும். வாளித் தண்ணீர், பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்கள் குளியலறையில் கழுவுவதானால், வடிகாலின் சல்லடையில் மண்ணைத் தடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். செயினைத் துடைத்து உலர்த்தி எண்ணெய் விட்டபின், பிரேக் கட்டைகளின் தடிமனைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் அடுத்த முறைக்கு முன் மாற்றியாக வேண்டும்.